மலாவி கிராமத் தொழிற்பயிற்சி நிலையத்தில் தண்ணீர், கழிப்பறை, சாப்பாடு: எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது

ஆப்பிரிக்க நாடான மலாவியின் கிராமப்புறத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு உதவப் போகிறவர்கள் பலர், போன உடனே போர்வெல் போடுகிறார்கள். இல்லையென்றால் கழிப்பறை கட்டுகிறார்கள். இரண்டும் தேவைதான். ஆனால் வரிசை மாறினால் பணம் கரையும், வயிற்றுப்போக்கு நிற்காது. நம் ஊரிலிருந்து அங்கே வேலைக்குப் போகும் பொறியாளர்கள், துறவியர், தன்னார்வலர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். 120 மாணவர்கள், அதில் 80 பேர் ஹாஸ்டலில், மொத்தத்தில் 50 பேர் பெண்கள் என்று ஒரு நிலையத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

சாதாரணப் பள்ளிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இங்கே கொத்து வேலை, பிளம்பிங், வெல்டிங், தையல் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கீழே வரும் வேலைகளில் பெரும்பகுதியை அவர்களே பாடத்தின் பகுதியாகச் செய்யலாம். அதே சமயம், தண்ணீரை அதிகம் இழுப்பதும் கையை அதிகம் அழுக்காக்குவதும் அதே பட்டறைகள்தான்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் முதல்வரும் கொத்து, பிளம்பிங் ஆசிரியர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். எந்த வேலை எந்தப் பருவத்தின் செய்முறைப் பாடத்தில் வரும் என்று எழுதிக்கொள்ளுங்கள். பாடத்தில் சேராத வேலை தேர்வு நெருங்கும்போது பாதியில் நின்றுவிடும்.

அப்புறம் ஊர்த் தலைவர். நிலையத்துக்குள் இருக்கும் அடிபம்பில் பெரும்பாலும் ஊராரும் தண்ணீர் பிடிப்பார்கள். அவர்களிடம் பேசாமல் நேரம் வைத்துப் பூட்டினால் பகை வரும்.

மூன்றாவது, பராமரிப்புப் பணம். கட்டுமானத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்ட பிறகுதான் முதல் மூட்டை சிமெண்ட் வாங்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கருவி என்று பார்த்தால் 50 மீட்டர் நாடா, 20 லிட்டர் வாளி, குளோரின் அளக்கும் சிறிய கிட், ஒரு நோட்டு. இவை போதும்.

2. முதல் இரண்டு வாரம் பார்க்க மட்டும் செய்யுங்கள்

காலை ஐந்து மணிக்கு பம்படியில் நில்லுங்கள். பத்து மணி இடைவேளையில் கழிப்பறை வரிசையைப் பாருங்கள். சமையல்காரர் எந்த டிரம்மிலிருந்து மொண்டு குடிக்கக் கொடுக்கிறார், வெல்டிங் பட்டறையில் யார் எதில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று எழுதுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. கேட்டால் எல்லோரும் "பம்புத் தண்ணீர்தான் குடிக்கிறோம்" என்பார்கள். வரிசை நீளமாக இருக்கும் நாளில் அதே மாணவர்கள் பக்கத்துத் திறந்த கிணற்றுக்குப் போவதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டிலிருந்து நடந்து வரும் மாணவர்களைத் தனியாகக் கவனியுங்கள். பலர் எதுவும் சாப்பிடாமல் வந்து பத்து மணிக்கு ரம்பத்தின் முன் நிற்பார்கள்.

3. தண்ணீர்க் கணக்கு

உலக சுகாதார நிறுவனத்தின் பள்ளி அளவுகோல் எளிமையானது: வந்து போகும் மாணவருக்கு நாளுக்கு 5 லிட்டர், தங்கிப் படிப்பவருக்கு 20 லிட்டர். நம் நிலையத்துக்கு 80 பேருக்கு 1,600, 40 பேருக்கு 200, ஆக 1,800 லிட்டர். தண்ணீர் ஊற்றும் கழிப்பறை வைத்தால் அதற்குத் தனியாகக் கூட்ட வேண்டும்.

புதியவர்கள் விடுவது பட்டறைக் கணக்கு. கலவை குழைக்க, செங்கல்லை நனைக்க, காங்கிரீட்டை ஏழு நாள் ஈரமாக வைத்திருக்கத் தண்ணீர் கொட்டிக்கொண்டே போகும். இது குடிநீர் வரிசையோடு மோதினால் பம்பும் தேயும், சமையலும் தாமதமாகும். கொத்து வகுப்புக்கு மழைநீர்த் தொட்டி ஒன்றைத் தனியாகக் கட்டுங்கள். பட்டறைக் கூரைகள் பெரும்பாலும் தகரம், பரப்பும் அதிகம். பீலியும் தொட்டியும் போட்டால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்த வேலைக்கு பம்பைத் தொட வேண்டாம்.

அடுத்து பம்பின் திறன். 20 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று காலையிலும் மாலையிலும் அளந்து, மணிக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றுங்கள். மணிக்கு 800 லிட்டர் வந்தால் 1,800 லிட்டருக்கு இரண்டே கால் மணி நேரம் விடாமல் அடிக்க வேண்டும். ஊராரின் தேவை இதற்கு மேல். மலாவியில் ஒரு போர்வெல்லுக்கு 250 பேர் என்பது நடைமுறைக் கணக்கு. அதைத் தாண்டினால்தான் இரண்டாவது போர்வெல் பற்றி யோசிக்க வேண்டும்.

4. இருக்கும் அடிபம்பை முதலில் சரிசெய்யுங்கள்

மலாவியில் எங்கும் காண்பது ஆஃப்ரிடெவ் பம்பு. நம் ஊரில் இந்தியா மார்க் 2 பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் குழாயை எல்லாம் வெளியே தூக்க ஆள் சேர்க்கத் தொடங்குவார்கள். தேவையே இல்லை. ஆஃப்ரிடெவ்வில் பி.வி.சி. குழாய் உள்ளேயே நிற்கும். கம்பியையும் பிஸ்டனையும் கையாலேயே மேலே இழுக்கலாம், அடி வால்வைக் கொக்கி போட்டு எடுக்கலாம். ஒரே ஒரு ஸ்பேனர் போதும். (கோவை வட்டாரத்தில் 1980களில் சோதித்து உருவான இந்தியா மார்க் 3 பம்பும் இதே யோசனைதான்: குழாயைத் தூக்காமல் வால்வை எடுப்பது.)

தேய்வது பெரும்பாலும் விலை குறைந்த பாகங்கள்: பிஸ்டனில் உள்ள யு-சீல் எனும் ரப்பர் வளையம், கைப்பிடியின் புஷ் பேரிங், வால்வுகளில் உள்ள ரப்பர் பாபின். யு-சீலையும் புஷ் பேரிங்கையும் ஆண்டுக்கு ஒரு முறை, கெடும் முன்பே மாற்றுங்கள். பேரிங் தேய்ந்து கைப்பிடி ஆடத் தொடங்கினால் கம்பி குழாயில் உரசி, செலவு பல மடங்காகும்.

இந்த வேலையை பிளம்பிங் வகுப்பின் செய்முறைத் தேர்வாகவே வையுங்கள். அந்த வட்டாரத்தின் பம்பு மெக்கானிக்கை அழைத்து ஒரு முறை கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கூலியும் கொடுங்கள். அவரைத் தாண்டிப் போகாதீர்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு கூப்பிட்டால் வரப்போகிறவர் அவர்தான்.

5. தண்ணீரைச் சோதிப்பது

கிருமிக்கு ஒரு சோதனை, உப்புக்களுக்கு ஒரு சோதனை. இரண்டும் வேறு. கிருமி இருந்தால் குளோரின் தீர்க்கும். உப்பு, ஃபுளோரைடு இவற்றைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. நீர் வற்றுவதால் கொதிக்கக் கொதிக்க இன்னும் செறிவாகும்.

தெற்கே ஷிரே பள்ளத்தாக்கில், சிக்வாவா பக்கம் பல போர்வெல்களில் உப்பு அதிகம். கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கில் இருப்பதால் மலாவியின் சில இடங்களில் ஃபுளோரைடும் உண்டு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எனவே புதிய போர்வெல்லுக்கு ஆய்வக முடிவு வந்த பிறகே பம்பு பொருத்துங்கள், கடைசித் தவணைப் பணமும் கொடுங்கள்.

இரும்பு உடலுக்குப் பெரிய கெடுதல் செய்யாது. ஆனால் துணி பழுப்பாகும், தேநீர் கறுக்கும். சுவை பிடிக்காமல் மாணவர்கள் திறந்த கிணற்றுக்குத் திரும்பிவிடுவார்கள். ஆகவே சுவையையும் ஒரு சோதனையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

6. குளோரின், மூடிய வாளி, குழாய்

நல்ல போர்வெல் தண்ணீரும் ஹாஸ்டல் டிரம்முக்குள் கோப்பை விழுந்த கணமே கெடும். 2022 மார்ச்சில் தொடங்கிய காலரா, மலாவி கண்டதிலேயே மிக மோசமானது: 58,000 பேருக்கு மேல் நோய் கண்டது, 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். 2023 ஜனவரியில் தலைநகர் லிலோங்வேயிலும் பிளான்டைரிலும் பள்ளி திறப்பையே தள்ளிப்போட வேண்டியிருந்தது. எந்தக் கட்டுமானத்துக்கும் காத்திருக்காமல், வந்த முதல் மாதமே செய்ய வேண்டிய வேலை இது.

எச்.டி.எச். எனப்படும் 65–70 சதவீதக் குளோரின் பொடியில் 15 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். தெளிந்த தண்ணீர் என்றால் 20 லிட்டர் வாளிக்கு இதில் 4 மில்லி, 500 லிட்டர் தொட்டிக்கு 100 மில்லி. கலங்கல் என்றால் முதலில் துணியில் வடிகட்டி, அளவை இரட்டிப்பாக்குங்கள். அரை மணி நேரம் கழித்துக் குளோரின் கிட்டால் அளந்தால் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும்.

கரைசலை வாரா வாரம் புதிதாகத் தயாரித்து, வெளிச்சம் படாத பிளாஸ்டிக் கேனில் வையுங்கள். மாதக் கணக்கில் வெயிலில் கிடந்த கரைசலை அளந்து ஊற்றிவிட்டுப் பாதுகாப்பு என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

ஒவ்வொரு பட்டறைக்கும் மூடியும் கீழே குழாயும் உள்ள வாளி ஒன்று வேண்டும். உலை, வெல்டிங் சூட்டில் நிற்பவர்களுக்கு 5 லிட்டர் கணக்கெல்லாம் போதாது. ஆயில், பெயின்ட், பூச்சிமருந்து வந்த டிரம்களை எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்கு எடுக்காதீர்கள். மோட்டார் பட்டறை உள்ள இடத்தில் காலி டிரம் சுலபமாகக் கிடைக்கும் என்பதால் இதைச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

7. கை கழுவும் இடம்

கழிப்பறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே, எல்லோரும் கடந்து போகும் வழியில் வையுங்கள். மூலையில் வைத்தால் யாரும் போக மாட்டார்கள். வெல்டிங் மாணவர்கள் தாங்கி செய்யட்டும், அதன் மேல் நான்கு குழாய் வைத்த பிளாஸ்டிக் டிரம்.

சோப்புக்கட்டி காணாமல் போவது உறுதி. ஒன்றரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சலவைத்தூள் கரைத்து, மூடியில் துளையிட்ட பாட்டிலில் கட்டித் தொங்கவிடுங்கள். யாரும் எடுத்துப்போக மாட்டார்கள், கிரீஸும் கொஞ்சம் போகும். மக்காச்சோள மாவுக் களியான ன்சிமா கையால் உருட்டிச் சாப்பிடும் உணவு என்பதால் இந்தப் பாட்டில் காலியாக இருக்கும் நாள் ஆபத்தான நாள். நிரப்பும் பொறுப்பு யாருக்கு என்று பெயர் போட்டு எழுதுங்கள்.

8. கழிப்பறை

எண்ணிக்கை: 25 பெண்களுக்கு ஒன்று, 50 ஆண்களுக்கு ஒன்றும், கூடவே சிறுநீர் கழிக்குமிடமும். நம் கணக்கில் பெண்களுக்கு இரண்டு, ஆண்களுக்கு இரண்டு, ஆசிரியர்களுக்குத் தனி. தொழிற்பயிற்சியில் எல்லாப் பட்டறையும் ஒரே நேரத்தில் இடைவேளை விடும். கூடுதலாகக் கட்டப் பணமில்லை என்றால் இடைவேளையை இரண்டாகப் பிரியுங்கள், செலவே இல்லை.

இடம்: தண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்து குறைந்தது 30 மீட்டர், சரிவில் அதற்குக் கீழே. குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் இடைவெளி. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தோண்ட வசதியான மாதம் அக்டோபர், அப்போது நீர்மட்டம் மிகவும் கீழே இருக்கும். அதை வைத்துக் குழி போட்டால் பிப்ரவரியில் நீர் குழிக்குள் வந்து நிற்கும். பக்கத்துக் கிணற்றில் மழைக்காலத்தில் எவ்வளவு உயரம் நீர் நிற்கும் என்று ஊரில் வயதானவர்களைக் கேட்டு, அந்த மட்டத்திலிருந்து அளவெடுங்கள்.

கொள்ளளவு: ஒருவருக்கு ஆண்டுக்கு 0.05 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 பேருக்கு 1.25. ஒரு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர், ஆழம் மூன்று மீட்டர் குழியில் மேல் அரை மீட்டரை விட்டால் 3.75 கன மீட்டர், அதாவது மூன்று ஆண்டு. நிறைந்த பிறகு காலி செய்யப் போகிறீர்களா, புதுக் குழிக்கு மாறப் போகிறீர்களா என்பதைக் கட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். மாறுவதென்றால் நிலம் ஒதுக்க வேண்டும், குழியை மூடும் பலகையைத் தூக்கி எடுக்கும்படி போட வேண்டும்.

மணற்பாங்கான மண்ணில் குழிக்குச் செங்கல் சுவர் கட்டாயம். மேல் பகுதியைச் சாந்து வைத்து இறுக்கமாகவும், கீழ்ப் பகுதியை நீர் கசிய இடைவெளி விட்டும் கட்ட வேண்டும். சதுரக் குழியைவிட வட்டக் குழி மண் அழுத்தத்தைத் தாங்கும். தோண்டும்போது மேலே ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். மாணவர் தனியாகக் குழிக்குள் இறங்கக் கூடாது.

காங்கிரீட் பலகையைக் கொத்து வகுப்பு வார்க்கட்டும். ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு வைத்திருக்க வேண்டும். பிறகு தரையில் ஓரங்களை மட்டும் செங்கல்லில் தாங்கி, ஐந்தாறு பேர் ஏறி நின்று சோதித்த பின்னரே குழி மேல் வையுங்கள். இந்தச் சோதனையை எந்த அவசரத்திலும் விடாதீர்கள். மேற்பரப்பு வழவழப்பாக, துளையை நோக்கிச் சரிவாக இருந்தால் கழுவுவது சுலபம். சொரசொரப்பான பலகை ஒரு மாதத்தில் நாறும்.

காற்றுக்குழாய் வைத்த கழிப்பறை என்றால் அது இயங்கும் விதத்தை எல்லோருக்கும் சொல்லுங்கள். துளை வழியே காற்று உள்ளே போய்க் குழாய் வழியே மேலேறும். ஈக்கள் வெளிச்சத்தைத் தேடிக் குழாயில் ஏறி மேலே உள்ள வலையில் சிக்கிச் சாகும். உள்ளே இருட்டாக இருக்க வேண்டும், துளைக்கு மூடி போடக் கூடாது. நல்லெண்ணத்தில் மூடி போட்டும், பெரிய ஜன்னல் வைத்தும் இதைக் கெடுத்துவிடுவார்கள். குழாய் கூரைக்கு மேல் அரை மீட்டர் நிற்கட்டும், வலை துருப்பிடிக்காததாக இருக்கட்டும். சாதாரணக் கம்பி வலை அந்த வாயுவில் சீக்கிரம் அரித்துவிடும்.

9. பெண் மாணவர்களுக்கு

வெல்டிங், கொத்து வகுப்புகளில் சேரும் பெண்கள் மாதத்தில் சில நாள் வராமல் போனால் செய்முறை மணிகள் குறைந்து, கடைசியில் படிப்பையே விடுவார்கள். பெண்கள் கழிப்பறையில் ஓர் அறையை அகலமாகக் கட்டி, உள்ளேயே தண்ணீர், கொக்கி, மூடியுள்ள கூடை, உள்தாழ்ப்பாள் வையுங்கள். வாசல் ஆண்கள் பட்டறையைப் பார்த்து இருக்க வேண்டாம். ஆனால் ஆள் நடமாட்டமில்லாத புதர்ப் பக்கமும் வேண்டாம். ஹாஸ்டலிலிருந்து அதுவரை சூரிய விளக்கு தேவை.

துவைத்துப் பயன்படுத்தும் நாப்கினைத் தையல் வகுப்பு தைக்கலாம். அதைக் காயப்போட வெயில் படும், மறைவான கொடி இல்லையென்றால் ஈரத்தோடு பயன்படுத்துவார்கள். எதை எங்கே வைப்பது என்பதை அந்தப் பெண்களையே கேட்டு, ஓர் ஆசிரியை மூலம் முடிவு செய்யுங்கள்.

10. காலைக் கஞ்சி எல்லோருக்கும்

சாப்பாட்டில் முதல் மாற்றம் காலையில் வர வேண்டும். பசியோடு இயந்திரத்தின் முன் நிற்பது விபத்துக்கு வழி. மக்காச்சோள மாவு நான்கு பங்கு, சோயா மாவு ஒரு பங்கு சேர்த்த "லிகுனி பாலா" கஞ்சி மலாவியில் எல்லோருக்கும் தெரிந்தது. ஆளுக்கு 80 கிராம் மாவு என்றால் 120 பேருக்கு 9.6 கிலோ: சோளம் சுமார் 7.7, சோயா 1.9.

சோயாவைப் பச்சையாக அரைக்காதீர்கள். அதில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு, வேகவைத்து உலர்த்தி வறுத்தால்தான் போகும். ஹாஸ்டல் மாணவர்களுக்கு மட்டும் கஞ்சி ஊற்றுவதும் வழக்கமான தவறு. பல கிலோமீட்டர் நடந்து வருகிறவருக்குத்தான் அது அதிகம் தேவை.

11. மதியமும் இரவும்

ன்சிமாவும் கொஞ்சம் கீரையும் மட்டும் என்றால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. ன்சிமாவை நிறுத்த முயலாதீர்கள், அது இல்லாமல் சாப்பிட்டதாகவே அங்கே யாரும் நினைக்க மாட்டார்கள். கூட வரும் ன்டிவோவை, அதாவது தொடுகறியை, மாற்றுங்கள்.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்கலாம். அயோடின் உப்பு. அடுத்து கீரையில் ன்சின்ஜிரோ எனும் நிலக்கடலைப் பொடி. வாரத்தில் சில நாள் பீன்ஸ் அல்லது நண்டோலோ. நண்டோலோ என்பது நம் துவரைதான். மலாவியில் ஏராளமாக விளைந்து இந்தியாவுக்கு ஏற்றுமதியாகிறது. அதற்குப் பிறகு உசிபா எனும் ஏரி நெத்திலி போன்ற சின்னக் கருவாடு, முள்ளோடு.

நிலக்கடலையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1990ல் மலாவியில் இருந்த மொசாம்பிக் அகதிகளுக்கு ரேஷனில் நிலக்கடலை நின்றபோது, வெறும் மக்காச்சோளத்தை நம்பியிருந்த பல்லாயிரம் பேருக்கு நியாசின் எனும் வைட்டமின் குறைவால் பெல்லாக்ரா நோய் வந்தது.

மாவிலும் ஒரு மாற்றம்: தவிடு நீக்கிய வெள்ளை மாவுக்குப் பதில் ம்கைவா எனும் முழு மாவு. அதை ஏழைச் சாப்பாடு என்று மாணவர்கள் ஒதுக்கக்கூடும். முதலில் பாதிக்குப் பாதி கலந்து, ஆசிரியர்களும் அதே பாத்திரத்திலிருந்து சாப்பிட்டால் எடுபடும். தேநீரைச் சாப்பாட்டோடு கொடுக்காதீர்கள், கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. மாம்பழம், கொய்யா கிடைக்கும்போது சேர்த்துக்கொடுங்கள். பம்படியில் வழியும் நீர் வீணாகும் இடத்தில் பப்பாளியும் வாழையும் வையுங்கள், பொனொங்வே எனும் தண்டுக்கீரை ஒரு மாதத்தில் பறிக்கலாம்.

12. மே, ஜூன் கொள்முதலும் சேமிப்பும்

டிசம்பர் முதல் மார்ச் வரை பசி மாதங்கள். விலை ஏறும், சாப்பாடு மெலியும், காலராவும் அதே மழைக்காலத்தில்தான் வரும். ஹாஸ்டலில் உள்ள 80 பேருக்கு ஆளுக்கு அரை கிலோ மக்காச்சோளம் என்றால் நாளுக்கு 40 கிலோ, மாதம் 1,200 கிலோ. நான்கு மாதத்துக்கு 4.8 டன். அறுவடை முடிந்த மே, ஜூனில் வாங்கி வைத்துவிடுங்கள். நன்கொடையாளர்களிடம் பணத்தை அந்த மாதத்தில் கேளுங்கள், டிசம்பரில் கேட்டால் பாதி மூட்டைதான் வரும்.

வாங்கும்போது ஈரம் பாருங்கள். உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் காய்ந்த உப்பும் சோளமும் போட்டுக் குலுக்கினால், உப்பு கண்ணாடியில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் காய வேண்டும். ஈரத்தில் வரும் பூஞ்சையின் அஃப்லாடாக்சின் நஞ்சு வேகவைத்தாலும் போகாது. நிலக்கடலையை உடைக்காமல் ஓட்டோடு வாங்குங்கள். சுலபமாக உடைப்பதற்காகத் தண்ணீர் தெளித்த பருப்பில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கிய பிறகே பொடியுங்கள். பொடியாகிவிட்டால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரத்தட்டின் மேல், சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள்.

13. பருவந்தோறும் பார்க்க வேண்டியவை

ஒரு நோட்டு, அதில் ஐந்து கேள்வி. 20 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி? குழாயில் எஞ்சிய குளோரின் எவ்வளவு? குழி மேலிருந்து எத்தனை மீட்டர் காலியாக உள்ளது? வயிற்றுப்போக்கால் வகுப்புக்கு வராதவர் எத்தனை பேர்? பராமரிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது?

அளப்பதும் எழுதுவதும் இரண்டாம் ஆண்டு மாணவர்கள், கூட இருந்து கற்பது முதலாம் ஆண்டு மாணவர்கள். வாளி நிரம்பும் நேரம் சென்ற பருவத்தைவிட நான்கில் ஒரு பங்கு கூடியிருந்தால், பம்பு நிற்கும் வரை காத்திருக்காமல் அந்த வாரமே யு-சீலை மாற்றுங்கள்.